ஞாயித்துக்கிழமை வெடி கிடையாது

ஏனுங் தம்பி, சித்த நில்லுங்க. அந்த மஞ்சப் பொட்டியோட எறங்குனீங்களே, கல்லாங்காட்டுப்புதூர் நல்லசாமி ஊட்டுக்குத்தானுங்களே? நாந்தாங்க நல்லசாமி. காலேஜுல இருந்து போன் பண்ணிச் சொன்னாங்க, காலைல பஸ்ஸுக்கு ஒரு தம்பி வர்றாருன்னு. அதான் வெயில் ஏறுறதுக்கு முன்னாலயே வந்து உக்காந்துட்டேன். ஊடு இங்கிருந்து கூப்புடு தூரந்தான். போலாங்க, என்ன அவசரம். மொதல்ல ஒரு டீ சாப்புடுங்க. பொட்டியை பெஞ்சு மேல வைங்க, கீழ வேண்டாம், நாய் வரும். அண்ணா, ரெண்டு டீ போடுங்க. எனக்குச் சக்கரை கம்மி.

ஊட்டுக்குப் போறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு விசயம் பேசோணும். அங்க வெச்சுப் பேச முடியாது. செவுத்துக்கும் காது இருக்குதும்பாங்க. எங்கூட்டுச் செவுத்துக்கு நெசமாவே காது வெச்சு உட்டுட்டாங்க, தம்பி. அந்தக் காதுனாலதான் நான் இந்த டீக்கடைல கூட ஊருக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்கறேன். பாத்தீங்கல்ல? எல்லாரும் ரோட்டைப் பாத்து உக்காருவாங்க. நான் செவுத்தைப் பாத்து உக்காருவேன்.

எல்லாம் குவாரியால வந்ததுங்க. அதை மொதல்ல சொல்லீர்றேன். அங்க தெரியுது பாருங்க, பாதி வெட்டுன கேக்கு மாதிரி ஒரு கரடு. அதுதான். மத்தியானத்துல வெடி வெப்பாங்க. சைரன் ஊதும், சித்த நேரத்துல பூமியே ஒருக்காத் தூக்கிப் போடும். அலமாரில இருக்கற டம்ளரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். கெணத்துத் தண்ணி கலங்கீரும். கண்ணுக்குட்டி கவுத்தை அத்துக்கிட்டு ஓடும். ஊருல செவுரு வெடிக்காத ஊடு கெடையாதுங்க. எங்கூட்டுலதான் எச்சு. அது எங்கப்பன் கட்டுன ஊடு. என்னையும் என்ற தம்பி மூர்த்தியையும் பிரிச்சு வைக்கறப்ப நடுவுல ஒரு செவுரு வெச்சுக் குடுத்தாரு. இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் அவன். அந்த நடுச் செவுத்துலதான் வெடிப்பு. மேல விட்டத்துல இருந்து கீழ வரைக்கும் சாய்வா, காசு சொருகலாம், அத்தனை அகலம்.

சும்மா உடுவனுங்களா? நாந்தான் ஊரைக் கூட்டிக் குழு போட்டேன். குவாரி எதிர்ப்புக் குழுத் தலைவருன்னு பேப்பர்ல என்ற போட்டோ வந்துச்சு. தாசில்தாரு, கலெக்டரு, கனிமவளத்துக்காரங்கன்னு நான் ஏறாத படி இல்ல. எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. ‘வெடியாலதான் செவுரு வெடிச்சுதுங்கறதுக்கு என்ன ஆதாரம்?’ குவாரிக்காரன் சொல்றான், ஊடு பழசு, அஸ்திவாரம் சரியில்ல, மாடு உரசுது, அப்படி இப்படின்னு.

அப்பத்தான் நஸ்ரீன் அம்மிணி வந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நெலத்துல வர்ற அதிர்வைப் பத்தி ஆராய்ச்சி பண்ற புள்ள. மேடம்னு கூப்புடக் கூடாதுன்னுருச்சு. ‘சார், நீங்க எவ்வளவு கத்துனாலும் கத்துனது நீங்கதான்னு சொல்லிருவாங்க. அளந்து காட்டிட்டா ஒண்ணும் சொல்ல முடியாது’ன்னுச்சு. நல்ல வார்த்தை. எனக்கு நெம்பப் புடிச்சுப் போச்சு. மேடையில அதையே நானும் நாலு எடத்துல சொன்னேன்.

‘ஊருக்குள்ள எந்த ஊட்டுல வெடிப்பு பெருசு?’ன்னு கேட்டுச்சு. நான் நெஞ்சை நிமித்தி, ‘என்ற ஊட்டுலதான்’னேன். என்னமோ பரிசு வாங்குனவனாட்ட. வெடிப்பு அந்தப் பக்கம்தான் நல்லாத் தெரியும், அதனால மூர்த்தி படுக்கற ரூம்புலயே வெச்சாங்க. வெளிய வாசல்ல மண்ணுக்குள்ள ஆணியாட்ட ஒண்ணைப் பொதைச்சாங்க. செவுத்துல ஒண்ணை ஒட்டுனாங்க. வெடிப்புக்கு ரெண்டு கரையும் புடிச்ச மாதிரி இன்னொண்ணு. தலைமயிரை நெடுக்கப் பொளந்தா எத்தனை இருக்குமோ, அத்தனை நகந்தாலும் காட்டீருமாம். எல்லாத்துலருந்தும் வயரு வந்து மஞ்சப் பொட்டிக்குள்ள போகும். உள்ள ஒரு சிம்மு. என்ன ஆடுனாலும் அப்பவே காலேஜுக்குப் போயிரும்.

மாட்டி முடிச்சு கம்ப்யூட்டரைத் தொறந்து வெச்சாங்க. பச்சைக் கோடு ஒண்ணு நேராப் போய்க்கிட்டு இருக்குது. மூர்த்தி சம்சாரம் வளர்மதி எல்லாத்துக்கும் மோரு கொண்டாந்துச்சு. ‘அக்கா, செவுத்துல லேசாத் தட்டுங்க’ன்னுச்சு நஸ்ரீன். தட்டுச்சு. கோடு துள்ளுச்சு. வளர்மதி இன்னொருக்கா ஒத்தை வெரல்ல தட்டுச்சு. அதுக்கும் துள்ளுச்சு. அப்பப் போயி கேக்குதுங்க, ‘இது எங்க போகுது?’ன்னு. காலேஜுக்குன்னாங்க. ‘யாரு பாப்பாங்க?’ ‘நான்தான் பாப்பேன்.’ ‘தெனமும் பாப்பீங்களா?’ ‘தெனமும் பாப்பேன்கா.’ அம்புட்டுத்தான். டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு.

இதை ஏன் சொல்றன்னா, வளர்மதிக்கு எல்லாம் தெரியும் தம்பி. தெரியாம நடந்து போச்சுன்னு சொல்ல முடியாது. ஒத்தை வெரலுக்கே துள்ளும்னு கண்ணால பாத்துருக்குது. ‘மாமா, இந்த ரூம்புல வேண்டாம்’னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வைக்க உட்டிருப்பனுங்களா? வாயே தொறக்கலயே.

டீ குடிங்க. ஆறிப் போயிரும்.

தை கழிஞ்சு மாட்டுனது. ஒரு மாசம் போயிருக்கும், நஸ்ரீன் போன் பண்ணுச்சு. ‘சார், வெடி வெக்கறப்பல்லாம் கோடு நல்லா வருது. மொதல்ல மண்ணு ஆடுது, அடுத்து செவுரு ஆடுது, வெடிப்பு விரியுது. நாம நெனச்ச மாதிரியே வருது’ன்னுச்சு. எனக்குத் தலைகால் புரியல. அப்பறம் சித்த இழுத்துச்சு. ‘ஆனா சார், ஞாயித்துக்கிழமை குவாரில வெடி உண்டா?’

ஞாயித்துக்கிழமை ஏதுங்க வெடி? குவாரிக்கே லீவு.

‘அதான் சார். ஞாயித்துக்கிழமை மண்ணு ஆடவே இல்ல. செவுரு மட்டும் ஆடுது. வெடியை விடப் பெருசா ஆடுது. அந்த ரூம்ல என்ன வேலை நடக்குது?’

தம்பி, நான் பொய் சொல்றவன் கெடையாது. ஊருல கேட்டுப் பாருங்க. அன்னிக்கு வாயில வந்துச்சு: ‘அது கதவும்மா. நெலைல சரியாச் சேராது. ஓங்கிச் சாத்தோணும்.’ அந்தப் புள்ள, ‘சரி சார், கதவை மட்டும் சரி பண்ணீருங்க’ன்னுருச்சு.

மறுநாளே ஆசாரியைக் கூட்டியாந்தேன். கதவைக் கழட்டிச் சீவி, ரப்பர் வெச்சு, பூனை நடக்கறாப்புல சாத்தற மாதிரி பண்ணிட்டுப் போனாரு. மூர்த்தி வேடிக்கை பாத்துட்டு நின்னான். ‘எதுக்குண்ணா கதவு?’ன்னான். ‘பொட்டில சத்தம் விழுகுதாம்’னேன். அவன் மூஞ்சியை நானும் பாக்கல, என்ற மூஞ்சியை அவனும் பாக்கல. வளர்மதி மட்டும் ஆசாரி சீவுன தூளைக் கூட்டிக்கிட்டு இருந்துச்சு.

நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுதுங்க. மூர்த்தி கெட்டவன் கெடையாது. ஆறு நாளும் மாடாட்ட ஒழைப்பான். பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தி, காட்டுக்குத் தண்ணி கட்டி, ஒரு சொல் பேச மாட்டான். ஞாயித்துக்கிழமை கறி எடுப்பாங்க. அன்னிக்கு மட்டும் போடுவான். போட்டுட்டா ஆளு மாறீருவான். சோத்துல உப்பு கம்மிம்பான், மாமனாரு என்ன செஞ்சாருன்னு கேப்பான், ஏன் அப்படிப் பாக்கறீம்பான். எல்லா ஊட்டுலயும் இருக்கறதுதானுங்களே. எனக்கு அந்தளவுக்குத் தெரியாது. எனக்குக் காது கொஞ்சம் மந்தம், குவாரி வெடியில போனது. என்ற கட்டில் தலைமாடு அந்தச் செவுத்துப் பக்கம்தான், இருந்தாலும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்கூட்டுக்காரி ருக்குமணி டிவில சத்தத்தை எச்சு பண்ணீருவா. கேக்கவே கேக்காது.

கேக்காம இருந்தனா, என்ற தம்பியைக் கண்டிக்காம இருந்தனா? கண்டிச்சனுங்க. கதவு சரி பண்ணியும் ரெண்டு ஞாயித்துக்கிழமை மறுபடி விழுந்திருக்குது. அதைச் சொல்லி நஸ்ரீன் போன் பண்ணுன அன்னிக்கே அவனைக் காட்டுக்குக் கூட்டிப் போயி, மோட்டார் ரூம்புகிட்ட வெச்சு நேராச் சொன்னேன். ‘டேய் மூர்த்தி, ஊரு மானமே அந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்குது. அது இருக்கற வரைக்கும் சித்த அடக்கி வாசிடா’ன்னேன். தலையை ஆட்டுனான். அண்ணன் சொன்னா கேப்பான். மூணு வாரம் ஒரு சத்தம் இல்ல. நாலாவது வாரம் மாரியாத்தா நோம்பி. ஒறம்பரை சனமெல்லாம் வந்துட்டுப் போனாங்க. அவ்வளவுதான்.

நஸ்ரீன் இந்தத் தடவை போன் பண்ணல, நேர்லயே வந்துருச்சு. நான் வாசல்லயே நிறுத்தி, ‘அது அரிசி இடிக்கறதும்மா. செவுத்தோரம் உரல் கெடக்குது’ன்னேன். அந்தப் புள்ள என்னையே பாத்துச்சு. வயசு என்ன இருக்கும், என்ற மக வயசு. ‘சார், என்னவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லீருங்க. இது வெடி, இது வேறன்னு நான் பிரிச்சு எழுதிட்டா ஒரு கொறையும் வராது. நாளைக்கு அவங்க கேக்கறப்ப தெரியலைன்னு நிக்கக் கூடாது’ன்னுச்சு. ‘அரிசிதான்’னேன். உள்ள போயி வளர்மதிகிட்டப் பேசோணும்னுச்சு. ‘அது சந்தைக்குப் போயிருக்குது’ன்னேன். வளர்மதி ஊட்டுக்குள்ளதான் இருந்துச்சு. நெத்தில துணி கட்டி இருந்துச்சு. அதோட எப்படிங்க ஒரு வெளியாளை உள்ள உடறது? நீங்களே சொல்லுங்க.

நஸ்ரீனும் ‘வீட்டு வேலையால் வரும் அதிர்வு’ன்னு எழுதிக் குடுத்துருச்சு.

குவாரிக்கு அனுமதியை நீட்டிக்கலாமான்னு கேக்கற கூட்டம் புரட்டாசில வெச்சாங்க. காங்கயம் ரோட்டுல ஒரு கல்யாண மண்டபம். ஆர்.டி.ஓ. அம்மா மேடையில. இந்தப் பக்கம் ஊருச் சனம், அந்தப் பக்கம் குவாரிக்காரங்க. பொம்பளைங்க பின்னால உக்காந்திருந்தாங்க. நான் வெள்ளை வேட்டி கட்டி முன் வரிசையில. பெரிய துணி கட்டி அதுல அந்தக் கோடுகளையெல்லாம் படமாக் காட்டுனாங்க. நஸ்ரீன் அருமையாப் பேசுச்சு தம்பி. எந்த வெடிக்கு மண்ணு எத்தனை ஆடுச்சு, செவுரு எத்தனை ஆடுச்சு, வெடிப்பு எத்தனை விரிஞ்சுதுன்னு புட்டுப் புட்டு வெச்சுச்சு. சனம் கை தட்டுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. செயிச்சுட்டோம்னு நெனச்சேன்.

அப்பறம் குவாரிக்காரங்க கூட்டியாந்த நிபுணர் எந்திரிச்சாரு. நரைச்ச தலை, மெதுவான பேச்சு. கோவப்படவே இல்ல. ஒரே ஒரு படத்தைக் காட்டச் சொன்னாரு. ‘இது ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு வெடி கெடையாது. ஆனா இந்த ஊட்டுச் செவுரு எங்க வெடிக்கு ஆடுனதை விட ரெண்டு மடங்கு ஆடியிருக்கு. இது என்ன?’ன்னாரு.

நஸ்ரீன், ‘வீட்டு வேலை’ன்னுச்சு.

‘என்ன வேலை?’

அந்தப் புள்ள திரும்பி என்னைப் பாத்துச்சு. மண்டபமே பாத்துச்சு. நான் எந்திரிச்சு, ‘அரிசி இடிக்கறதுங்க’ன்னேன்.

அவரு சிரிக்கலீங்க. சிரிச்சிருந்தாக் கூடத் தேவலை. ‘அய்யா, அரிசி இடிச்சா ஒரே தாளத்துல வரும். உலக்கை ஏறி எறங்கோணுமில்ல? இதைப் பாருங்க. ஒண்ணு. கொஞ்சம் நேரம் ஒண்ணுமே இல்ல. அப்பறம் மூணு, ஒண்ணு மேல ஒண்ணா. அப்பறம் ஒண்ணு. இப்படி யாரும் அரிசி இடிக்க மாட்டாங்க. அதோட அரிசி இடிச்சா தரையும் ஆடோணும். தரை ஆடவே இல்ல. இந்த உயரத்துல, செவுத்துல நேரா வந்து மோதியிருக்கு’ன்னாரு. ஆர்.டி.ஓ. அம்மாகிட்டத் திரும்பி, ‘இவங்க சொல்றதே பொய்யின்னா, இவங்க அளந்ததை எப்படி நம்பறது?’ன்னாரு.

‘இல்லீங்க, அரிசிதானுங்க’ன்னு மறுபடியும் சொன்னேன். என்னத்தைச் சொல்றது?

அப்பத்தான் பின்னால சேரு நகர்ற சத்தம். வளர்மதி எந்திரிச்சு நிக்குது. கத்தலீங்க. அழுகல. சந்தையில வெலை சொல்றாப்புல சொல்லுச்சு.

‘அரிசி இல்லீங்க. அது என்ற தலைங்க.’

மண்டபத்துல நானூறு பேரு, தம்பி. அந்தத் துணி மேல கோடு அப்படியே நிக்குது. ஒண்ணு. அப்பறம் மூணு. எல்லாரும் அதையே பாக்கறாங்க. அதுக்கு முன்னால அது கோடு. இப்ப அது கோடு இல்ல. நஸ்ரீன் கையில இருந்த மைக்கைக் கீழ வெச்சுட்டு வாயைப் பொத்திக்கிச்சு.

நான் என்ன பண்ணுனேன்? அண்ணங்காரன், ஊட்டுக்குப் பெரியவன், என்ன பண்ணோணுமோ அதைப் பண்ணுனேன். திரும்பி, ‘உக்காரு அம்மிணி’ன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். மைக்கு பக்கத்துல இருந்துருக்குது. மண்டபம் பூராக் கேட்டுருச்சு.

உக்காரல.

ஆர்.டி.ஓ. அம்மா கூட்டத்தை நிறுத்திட்டுக் கீழ எறங்கி வந்து வளர்மதி கையைப் புடிச்சுக்கிட்டாங்க. ஒரு போலீஸ் அம்மா வந்தாங்க. மூர்த்தியைக் கூட்டிட்டுப் போயி ரெண்டு நாள் வெச்சிருந்தாங்க, ஊருப் பெரியவங்க போய்ப் பேசிக் கூட்டியாந்தோம். வளர்மதி மண்டபத்துல இருந்து ஊட்டுக்கே வரல. புள்ளை யாழினியைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிக்கிட்டு நேரா தாராபுரத்துக்கு அவங்கப்பன் ஊட்டுக்குப் போயிருச்சு. கட்டுன சீலையோட. குவாரிக்கு அனுமதி கெடைச்சுருச்சு. ‘அளவீடுகள் நம்பகமாக இல்லை’ன்னு ஒரே வரியில எழுதிட்டாங்க. நஸ்ரீன் எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுச்சு. ‘ஞாயித்துக்கிழமை செவுரு ஆடுச்சே தவிர வெடிப்பு நகரவே இல்ல சார். வெடிப்பு நகந்ததெல்லாம் குவாரி வெடிக்குத்தான். நீங்க உண்மையைச் சொல்லியிருந்தா அதை நான் காட்டியிருப்பேன்.’ படிச்ச புள்ள, அதுக்குக் குடும்பம்னா என்னன்னு என்ன தெரியும்?

ஊரே என்னைத்தான் பேசுது. நல்லசாமி ஊட்டுச் சண்டைல ஊரு தோத்துப் போச்சுன்னு. சொசைட்டில பால் ஊத்தப் போனா, ‘ஏனுங்கண்ணா, நேத்து ஞாயித்துக்கிழமை, உங்கூட்டுல எத்தனை மில்லிமீட்டரு?’ங்கறான் ஒரு பொடிப்பய. எல்லாரும் சிரிக்கறாங்க. குழுவுக்கு வேற தலைவரைப் போட்டுட்டாங்க. கல்யாணத்துக்குப் போனா மொதப் பந்தியில உக்கார மாட்டேன். பேப்பர்ல போட்டோ வந்தவன், தம்பி. இதுக்கு மேல ஒருத்தன் என்னத்தை இழக்கறது? எங்கூட்டுக்காரி கூட ஒருக்கா, ‘நானும் டிவி சத்தம் வெச்சவதான்’னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அதுல இருந்து எங்கூட்டுல டிவி போடறதே இல்ல. நெம்ப அமைதியா இருக்குதுங்க. பாத்திரம் வெச்சாக் கேக்குது.

சரி, உங்களை எதுக்கு நிறுத்துனேன்னா, இதுக்குத்தான். மேல்முறையீட்டுல மறுபடியும் அளக்கச் சொல்லி உத்தரவு வந்து, நீங்க வந்திருக்கறீங்க. அதே ஊடு, அதே செவுரு, அதே எடத்துல வெச்சாத்தான் அன்னிக்கு வந்ததோட ஒத்துப் பாக்க முடியும்னு சொல்லிட்டாங்களாம். மொதல்ல வேற ஊட்டுல வைங்கன்னு உங்க கால்ல உழுகலாம்னுதான் வந்தேன். இங்க உக்காந்து யோசிச்சேன். எங்கூட்டுலயே வைங்க. இப்ப அந்த ரூம்புல ஒரு சத்தமும் இல்ல. மூர்த்தி ஒண்டியாத்தான் படுக்கறான். அவன் யாரை என்ன பண்றது? ஞாயித்துக்கிழமை உங்க கோடு நேரா, நூல் புடிச்சாப்புல போகும். வெடி மட்டும் தனியாத் தெரியும். இந்தத் தடவை எவனும் ஒரு சொல் சொல்ல முடியாது. ஊரு செயிச்சுரும். என்ற தலையும் நிமிரும்.

ஒரே ஒரு சிக்கல். வர்ற ஞாயித்துக்கிழமை நானும் நாலு பெரியவங்களும் தாராபுரம் போயி வளர்மதியைக் கூட்டியாறதா ஏற்பாடு. மூர்த்தி திருந்திட்டேங்கறான். கோயில்ல கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கான். சம்பந்திகிட்டயும் பேசிட்டோம். பாக்கு வெத்தலை கூட வாங்கியாச்சு. இப்ப நீங்க பொட்டியோட வந்து நிக்கறீங்க. அதனால நான் என்ன நெனைக்கறேன்னா, அளவு எடுத்து முடியற வரைக்கும் அந்தப் புள்ள அங்கயே இருக்கட்டும். அவசரம் என்ன? நீங்க எல்லாத்தையும் கழட்டிக்கிட்டுப் போனதும் மறுநாளே போயிக் கூட்டியாந்துக்கறேன். நீங்க எத்தனை மாசம் வெப்பீங்கன்னு மட்டும் சொல்லீட்டா, அதுக்குத் தகுந்தாப்புல நாள் பாத்துக்கலாம்.

என்னுங்க?

திருப்பிச் சொல்லுங்க, காது மந்தம்.

...

நான் எங்கீங்க அப்படிச் சொன்னேன்? ‘அந்தப் புள்ள திரும்பி வந்தா மறுபடியும் சத்தம் வரும்’னு நான் சொல்லலீங்களே. மூர்த்தி திருந்திட்டான்னுதான சொன்னேன். சத்தியம் பண்ணியிருக்கான்னு சொன்னனில்ல? நான் சொன்னது என்னன்னா, பொட்டி இருக்கற வரைக்கும்...

பொட்டி இருக்கற வரைக்கும்.

மெதுவாப் பேசுங்க தம்பி. கடைக்காரரு பாக்கறாரு.

சொன்னனா? அப்படியா வந்துச்சு என்ற வாயில? ஏனுங்க, சித்த இருங்க. டம்ளரைப் புடிங்க.

காது மந்தம் இல்லீங்க எனக்கு. வெடி வெக்கறதுக்கு முன்னால ஊதற சைரன் காங்கயத்துல ஊதுனாலும் எனக்குக் கேக்கும். நான் சொன்னேன் பாருங்க, அந்தக் கோடு, ஒண்ணு, அப்பறம் சித்த நேரம் ஒண்ணுமில்ல, அப்பறம் மூணு. அந்த நிபுணர் சொல்லி நான் தெரிஞ்சுக்கலீங்க. கட்டில்ல படுத்துக்கிட்டு நான் எண்ணியிருக்கேன். முடிஞ்சுதுன்னு தெரியறதுக்காக எண்ணுவேன். முடிஞ்சுதுன்னாத் தூக்கம் வரும்.

ஒரு போன் பண்ணிக்கறேன், தம்பி. போயிராதீங்க. அந்தப் புள்ள நம்பரு எங்கிட்ட இல்லீங்க. பத்து வருசம் ஒரே ஊட்டுல இருந்த புள்ள, நம்பரு இல்ல பாருங்க. அவங்கப்பன் நம்பருதான் இருக்குது.

அலோ. மாமா, நல்லசாமி பேசறனுங்க. நல்லாருக்கறனுங்க. இல்லீங், ஞாயித்துக்கிழமை விசயமாத்தான். நாங்க வரலீங்க. இல்ல இல்ல, நாள் தள்ளிப் போடலீங்க. வரவே இல்லீங்க. மூர்த்தி சத்தியம் பண்ணுனா என்னுங்க, நான் சொல்றேன். நீங்க புள்ளையை அனுப்பாதீங்க. நான் வந்து கேட்டாலும் அனுப்பாதீங்க. ஆமாங்க, நாந்தான் சொல்றேன். வளர்மதி இருக்குதுங்களா? சித்தக் குடுங்க.

அம்மிணி. மாமன் பேசறேன். நல்லாருக்கறயா? யாழினி பள்ளிக்கூடம் போகுதா? ம். அம்மிணி, நீ இங்க வர வேண்டாம். உங்கப்பங்கிட்டச் சொல்லிட்டேன். நாங்க யாரும் கூட்டிட்டுப் போக வரல. நீ ஒண்ணும்... ஆ? என்ன? ...ஓ. ம். சரி. சரி, அம்மிணி. சரி. இல்ல, வெச்சுரு, நேரமாச்சுன்னா வெச்சுரு.

...

வெச்சுருச்சுங்க. மில்லுக்கு வேன் வந்துருச்சாம்.

என்ன சொல்லுச்சுன்னா, ‘நான் எப்ப மாமா வர்றேன்னு சொன்னேன்?’னு கேக்குது. ஞாயித்துக்கிழமை நாங்க வர்றதே அதுக்குத் தெரியாதாம். நானு, மூர்த்தி, அவங்கப்பன், ஊருப் பெரியவங்க, எல்லாரும் பேசிட்டோம். வெத்தலை வாங்கிட்டோம். அந்தப் புள்ளைகிட்ட ஒருத்தரும் கேக்கல. நான் என்னமோ பெருசா வரம் குடுக்கறவனாட்ட, வர வேண்டாம்னு சொல்லப் போறேன் பாருங்க.

நீங்க பொட்டியோட வர்றதும் அதுக்குத் தெரிஞ்சிருக்குது. நஸ்ரீன் பேசுமாம் அதுகிட்ட, அப்பப்ப. ‘அளந்து முடிச்சு மறுபடியும் கூட்டம் வெச்சா எனக்குச் சொல்லுங்க மாமா. போன தடவை ஞாயித்துக்கிழமை விழுந்தது என்னன்னு நானே எழுதிக் குடுத்து, எந்திரிச்சு நின்னும் சொல்றேன். அதைக் கழிச்சுட்டா மீதியெல்லாம் குவாரி வெடிதான’ங்குது. ஊருக்காக அன்னிக்கு ஒரு நாள் வருமாம். ஊட்டுக்கு வராதாம்.

அப்பறம் சொல்லுச்சு, ‘இந்தத் தடவை என்னை உக்காரச் சொல்லாதீங்க மாமா’ன்னு.

கோவமாச் சொல்லலீங்க. கேட்டுக்கறாப்புலதான் சொல்லுச்சு. வைஞ்சிருந்தாக் கூட வாங்கிக்கலாம்.

போலாங்க. பொட்டியை எங்கிட்டக் குடுங்க, நான் தூக்கறேன். மூர்த்தி ஊட்டுலதான் இருப்பான். எங்க வெச்சா செவுரு நல்லாக் கேக்குமோ அங்கயே வைங்க. இதோ எந்திரிக்கறேன். ஒரு நிமிசம். அதுவரைக்கும் சித்த அக்கட்டால திரும்பி ரோட்டைப் பாத்து உக்காருங்க, தம்பி. என்னைப் பாக்காதீங்க.